பேரைக் கேட்டு வந்த சம்பந்தம்

கூத்து உடுப்புக்கு அளவெடுக்கத் தையற்காரர் நாடாவும் கையுமாக முற்றத்தில் வந்து நின்றபோதுதான், இந்த வருடக் கூத்தில் இளவரசியின் தோழியாகப் பெண்வேடம் கட்டத் தான் சம்மதித்திருப்பது விதானையார் இராசதுரைக்குத் தெரியவந்தது.

"கையைக் கொஞ்சம் தூக்குங்க விதானையார்."

"என்னத்துக்கு?"

"மேற்சட்டை இறுக்கமா இரிக்கணும். இல்லாட்டித் தாவணி நிக்காது."

தையல் மெசினின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை அது. ஒரு சொல் தவறாமல் விதானையாரின் காதில் விழுந்தது.

"ஆர் தாவணி கட்டுற?"

"நீங்கதான். கோயில் கூட்டத்தில கூத்துப் பழக்கிற அண்ணாவியார் கேக்கக்குள்ள ஓம் எண்டீங்களே. சனமெல்லாம் கை தட்டினதே."

கை தட்டியது அவருக்கு நினைவிருந்தது. வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் தருவதாகத் தான் ஒப்புக்கொண்டதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று எண்ணி, எழுந்து ஒரு கும்பிடும் போட்டிருந்தார்.

இராசதுரை இருபத்திரண்டு வருடமாக வட்டை விதானை. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயல்வெளியாகப் பரந்து கிடக்கும் அந்த வட்டையில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் பாயும் என்பது அவர் வாய்ச் சொல். அவருடைய தகப்பனும் விதானை. அந்தக் குடும்பத்தில் ஒருவர் "ஓம்" என்றால், அது எழுதிக் கையொப்பம் வைத்த மாதிரி. சொன்ன ஓமைத் திருப்பி எடுத்த சரித்திரம் அந்த வீட்டில் கிடையாது.

ஆகவே விதானையார் அறுபத்தெட்டு வயதில் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"இடுப்பு முப்பத்தெட்டு!" என்று தையற்காரர் தெருவுக்கே அறிவித்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நல்ல வேளை, அது அவருக்குக் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பதுதான் விஷயமே. இரண்டு வருடமாக அவருடைய காது மெல்ல மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தது. முதலில் தவளைச் சத்தம் போனது. பிறகு மனைவி சீதேவி அடுப்படியிலிருந்து சொல்வது போனது. ஒரு கதை விளங்காவிட்டால் "என்ன?" என்று கேட்கலாம்தான். ஆனால் விதானையார் ஒருவரிடம் இரண்டாம் தரம் கேட்பதா? அதற்கு "ஓம்" என்று சொல்வது கௌரவமாக இருந்தது. அந்தக் கௌரவத்தின் பலனாகப் பக்கத்து வளவுக்காரரின் ஏழு ஆடுகள் இப்போது அவருடைய தென்னந்தோட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தன.

ஆடும் தாவணியும் பரவாயில்லை. நெஞ்சை அரித்தது வேறு ஒன்று.

மகள் தனுஷாவுக்கு ஆரையம்பதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் சாமித்தம்பியின் மகன் நிலோஜன். ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு குடும்பத்துக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. தரகர் கிடையாது. ஒரு நாள் அவர்களாகவே ஆள் அனுப்பினார்கள்.

"ஒருத்தரும் சொல்லி வரல்ல. எங்கட பேரைக் கேட்டு வந்த சம்பந்தம்," என்று விதானையார் கண்டவரிடமெல்லாம் சொன்னார். அதைச் சொல்லும்போது முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிரும்.

ஆனால், "உனக்கு விருப்பமா மகள்?" என்று அவர் கேட்டபோது, தனுஷா தலையைக் குனிந்துகொண்டு நிலத்துக்கு ஏதோ சொன்னாள். அவரும் வழக்கம்போல "ஓம், ஓம்" என்றுவிட்டார். அவள் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்தாள். அங்கே வெங்காயமும் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது விருப்பம் என்றா, விருப்பமில்லை என்றா?

சீதேவியிடம் விசாரிக்கலாம். ஆனால் 'மகள் என்ன சொன்னவ?' என்று கேட்பதும், 'எனக்குக் காது கேக்கிறல்ல' என்று சொல்வதும் ஒன்றுதான். பெண் பார்க்க வரும் நேரத்தில் தகப்பன் செவிடு என்ற கதை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால்? குடும்பத்திலேயே உள்ள குறை என்பார்கள். பெற்ற மகளின் வாழ்வில் தன் காது குறுக்கே படுப்பதா?

காதைக் காட்டவும் ஒரு தரம் போனவர்தான். போன வருடம் மாசியில், நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மட்டக்களப்பில் காதுக் கிளினிக்கின் வாங்குப் பலகையில் காலையிலிருந்து மத்தியானம் வரை விறைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவரெல்லாம் உள்ளே போய் வந்தார்கள். அவரை மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. விதானையாரை இப்படிக் காக்க வைத்தவர் ஒருவரும் இல்லை. எழுந்து விறுக்கென்று வந்துவிட்டார். வந்த வேகத்தில், உள்ளே கொடுத்திருந்த கிளினிக் கொப்பியையும் திருப்பி வாங்காமல் விட்டுவிட்டார்.

அந்தப் பக்கம் இனிப் போவதில்லை. வேறு வழி ஒன்று அவருக்குத் தோன்றியது. மகள் சொல்வதைக் காது பிடிக்காவிட்டால், ஒரு மெசின் பிடிக்கட்டும். தனியே போய்ச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்முனைப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிக்குப் போனார். றிஸ்வியின் ஃபோன் கடையில் கூட்டமில்லை.

"வாங்க விதானையார். என்ன வேணும்?"

"பாட்டுக் கேக்கிற சாமான் ஒண்டு. சின்னனா இரிக்கணும். கதைக்கிறதப் பதியவும் வேணும். கூட்டங்களுக்கு."

"அதுக்கு ஃபோனே போதுமே."

"ஃபோன் மேசையில கிடக்கும். மகளும் எடுப்பா, மனிசியும் எடுப்பா. இது என்ட சட்டைப் பையில மட்டும் கிடக்கணும்."

றிஸ்வி மூன்று சாமான்களைக் கண்ணாடி மேல் பரப்பினான். முதலாவது பார்வைக்குப் பேனை.

"சட்டையில குத்தினா ஒருத்தருக்கும் தெரியா."

விதானையார் யோசித்தார். அவருடைய பேனையை இரவல் வாங்காத கமக்காரன் வட்டையில் இல்லை. மூன்றாம் நாள் இது எவனுடைய காதிலாவது செருகியிருக்கும்.

"பேனை வேணா."

இரண்டாவதற்குப் பெரிய ஸ்பீக்கர். அதைச் சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் சரிந்து தோள் வெளியே வரும். கூத்து மேடைக்கு அது உதவலாம்.

மூன்றாவது நெருப்புப்பெட்டி அளவு. கறுப்பு நிறம். கையில் எடுத்ததுமே அவருக்குப் பிடித்துவிட்டது.

"இதில எட்டு ஜிபி இரிக்கி," என்றான் றிஸ்வி.

"எட்டு ஜீப்பா? எனக்கு என்னத்துக்கு அவ்வளவு?"

றிஸ்வி அவரை ஒரு கணம் பார்த்தான். "சார்ஜ் ஒவ்வொரு நாளும் போடணும்," என்றான் கொஞ்சம் உரத்து.

"சாரம் ஒவ்வொரு நாளும்தான் மாத்துறன். நீ சாமானைப் பத்திச் சொல்லு."

றிஸ்வி சிரிக்கவில்லை. ஒரு கடதாசியை இழுத்து, கொட்டை எழுத்தில் எழுதினான்: மேல் பொத்தான் - பாட்டு. கீழ் பொத்தான் - பதிவு. அதை நான்காக மடித்து அவர் கையில் வைத்தான். "கூட்டத்தில மறந்து போகாம இரிக்க," என்று மட்டும் சொன்னான். அவர் பாட்டுக் கேட்கும் ஆள்தான் என்று காட்டக் கொஞ்சம் பழைய பாட்டுகளும் ஏற்றிக் கொடுத்தான். கடைசியாக, அலுமாரிப் பக்கம் திரும்பிப் பெட்டியைத் தேடிக்கொண்டே ஏதோ முக்கியமாகச் சொன்னான்.

அவனுடைய முதுகைப் பார்த்து விதானையார், "ஓம்," என்றார்.

அன்று பின்னேரம், தனுஷா பாடசாலைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். விதானையார் சாமானைச் சட்டைப் பையில் போட்டு, தொட்டுப் பார்த்துக் கீழ்ப் பொத்தானை அழுத்திவிட்டு, அவளுக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். பைக்குள் அது தலைகீழாகக் கிடந்தது என்பதும், அழுத்தியது மேல் பொத்தான் என்பதும் அவருக்குத் தெரியாது.

நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல அதிர்ந்தது. பிரஷர் என்று நினைத்தார். மகளின் கலியாணக் கதை, யாருக்கும் நெஞ்சு அதிரத்தான் செய்யும்.

"மகள்," என்றார் கனத்த குரலில், "இது உன்ட சீவியம். அப்பாவுக்குப் பயந்து ஒண்டும் சொல்ல வேணா. உனக்கு விருப்பமா இல்லையா? வடிவாச் சொல்லு."

தனுஷா அவருடைய நெஞ்சைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி நெஞ்சைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல், எழுந்து உள்ளே ஓடினாள்.

விதானையார் நின்ற இடத்திலேயே நின்றார். நெஞ்சு அதிர்ந்துகொண்டே இருந்தது.

வட்டைக்குப் போய் வரம்பில் குந்தி, காதுக்குள் மாட்டும் வயரைச் செருகிச் சத்தத்தை முழுதாகக் கூட்டினார். மகளின் குரல் வரவில்லை. ஒரு புல்லாங்குழல் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் பாடினாள். பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. இரண்டு வருடமாக உலகம் அவருடன் இவ்வளவு கிட்ட நின்று கதைத்ததில்லை. வந்த காரியத்தை மறந்து இரண்டு பாட்டுக் கேட்டார். மூன்றாவதில்தான் நினைவு வந்தது. மகள் அழுதிருக்கிறாள்.

அவளுக்கு விருப்பமில்லை. வேறென்ன?

மாப்பிள்ளை வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஓம் சொல்லியாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஓமைத் திருப்பி எடுத்தவர் இல்லை. அதே நேரம், அழுகிற பிள்ளையை மணவறையில் இருத்தியவரும் இல்லை. இரண்டில் எதை உடைப்பது என்று மூன்று நாள் யோசித்தார். சோறு இறங்கவில்லை.

"இஞ்சேருங்க, உடம்புக்கு ஏலாதா?" என்று சீதேவி கிட்ட வந்து கேட்டாள்.

"கூத்துக்கு மெலியிறன்," என்றார்.

சனிக்கிழமை முடிவுக்கு வந்தார். மகள் வாயால் விருப்பமில்லை என்று சொல்வது காதில் விழுந்தால், தன் ஓமைத் தானே உடைப்பது. தலைமுறையில் முதல் தரம். உடைப்பதென்றால் உறுதியாகத் தெரிந்துகொண்டுதான் உடைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். சாமித்தம்பி, மனைவி, மகன், இன்னும் இரண்டு பெரியவர்கள். விதானையார் தோய்த்து மினுக்கிய மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இம்முறை சாமானை நிமிர்த்தி வைத்து, றிஸ்வியின் கடதாசியைப் பார்த்துக் கீழ்ப் பொத்தானையே அழுத்தியிருந்தார்.

சாமித்தம்பியும் நிமிர்ந்த ஆள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் மனிசன் என்ன பணிவு! முதலில் விதானையாரின் நெஞ்சைப் பார்த்தார். பிறகு இடுப்பை வளைத்து, தலையைக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். அவருக்குப் பிறகு மனைவியும் அப்படியே குனிந்தாள். கூட வந்த பெரியவர் ஒருவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏறக்குறைய விதானையாரின் மடிக்கே குனிந்தார். சீதேவிகூட, நாற்பது வருடத்தில் இல்லாத அடக்கத்தோடு, அவருடைய சட்டைக்கு நேரே தலையைத் தாழ்த்தி, "தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

விதானையாருக்கு உள்ளம் பூரித்தது. மரியாதை தெரிந்த சனம். இந்தச் சனத்திடமா இல்லை என்று சொல்லப் போகிறோம் என்று கவலையும் வந்தது.

"தம்பிக்கு ஆஸ்பத்திரியில எந்தப் பகுதி?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

அந்தப் பொடியன் அவருடைய பையைப் பார்த்து ஏதோ சொன்னான். சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தான்.

"ஓம், நல்லது," என்றார் விதானையார். பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "எங்கட பேரைக் கேட்டு வந்திரிக்கிறீங்க. அது எனக்குப் பெரிய விசயம்," என்றார்.

மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது.

இனி மகளின் வாய்ச் சொல் வேண்டும். விதானையார் முகம் துடைப்பது போல லேஞ்சியை எடுத்து, அதற்குள் சாமானைச் சுற்றி, வெற்றிலைத் தட்டத்தில் கொழுந்து வெற்றிலைக்கு அடியில் ஒருவருக்கும் தெரியாமல் தள்ளினார். அவருடைய பரம்பரையில் ஒளித்துக் கேட்டவர் கிடையாது. ஒளிக்காமல் சொன்னதையே கேட்காதவர் தான் ஒருவர்தான் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னார்.

"பிள்ளையள் ரெண்டும் கொஞ்சம் கதைக்கட்டும். நாங்க வெளிய போய் நெல்லைப் பாப்பம்," என்று பெரியவர்களைக் கிளப்பினார்.

தென்னந்தோட்டத்தில் ஏழு ஆடுகளும் விருந்தாளிகளை வரவேற்றன. அரைமணி நேரம் கழித்துப் படலையடியில் விடைபெறும்போது, சாமித்தம்பி மறுபடி அவருடைய நெஞ்சுக்குக் குனிந்தார். வெறும் பையைப் பார்த்து ஒரு மாதிரித் தடுமாறினார். பிறகு நிமிர்ந்து, கையை விரித்து எண்ணுவது போலக் காட்டி ஏதோ கேட்டார். நாள் பார்ப்போமா என்கிறார் போல.

எல்லோரும் அந்த ஓமுக்காகக் காத்து நின்றார்கள்.

"பின்னேரம் சொல்லி அனுப்புறன்," என்றார் விதானையார்.

சீதேவியின் கையிலிருந்த செம்பு விழுந்தது. அதன் சத்தம் விதானையாருக்கே கேட்டது.

அவர்கள் போனதும் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார். தட்டத்தில் வெற்றிலை குலையாமல் இருந்தது. சாமானை எடுத்துக்கொண்டு நேரே வட்டைக்கு நடந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமான வரம்பில் குந்தி, வயரைக் காதில் செருகினார்.

கதிரைகள் இழுபடும் சத்தம் வந்தது. பிறகு சாமித்தம்பி. என்ன தெளிவு! "விதானையார், உங்கட மகளை எங்கட மகள் மாதிரி வச்சிரிப்பம்." அதற்கு அவருடைய சொந்தக் குரல்: "ஓம், இந்த முறை விளைச்சல் நல்லம்." விதானையார் கண்ணை மூடிக்கொண்டார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. "அதுவும் நல்லதுதான்," என்று சாமித்தம்பி மிருதுவாகச் சொன்னது கேட்டது.

இன்னும் கொஞ்சம் ஓடியது. எந்தப் பகுதி என்ற கேள்விக்கு, "அதைப் பிறகு தனியாச் சொல்றன் மாமா," என்று பொடியன் சொன்னதும் வந்தது. வெற்றிலை சரசரத்தது. காலடிகள் வெளியே போயின. பிறகு காதுக்குள்ளேயே இருந்து கதைப்பது போல மகளின் குரல்.

"அப்பா."

விதானையார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு கொக்கு நின்றது.

"அப்பா, இது பதியக்குள்ள சிவப்பு லைட் எரியும். கடைக்காரர் சொல்லலியா? உங்கட வெள்ளைச் சட்டைக்குள்ளால எல்லாருக்கும் தெரிஞ்சிது. இப்ப வெத்திலைக்குள்ளாலயும் தெரியிது. சாமித்தம்பி மாமா கண்டவுடனே விளங்கிக்கொண்டார். 'விதானையார் வெக்கப்படக் கூடா, எல்லாரும் பைக்குக் கிட்டக் குனிஞ்சு கதையுங்க' எண்டு அம்மாட்டயும் சொல்லிட்டார்."

விதானையார் மெல்லத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் அண்டைக்கு அழல்லப்பா, சிரிச்சன். நீங்க என்ட சீவியத்தப் பத்திக் கேக்கக்குள்ள உங்கட நெஞ்சுக்குள்ள ஒரு பொம்புள காதல் பாட்டுப் படிச்சிக்கொண்டிரிந்தா. அதுக்கு முதல் தரம் கேட்டதுக்கும் பதில் சொன்னன்தான். இப்ப மெசினுக்குச் சொல்றன். எனக்கு விருப்பம். நல்ல விருப்பம்."

அவர் பின்னால் தள்ளி, அந்த இடத்தை மறுபடி கேட்டார். எனக்கு விருப்பம். நல்ல விருப்பம். இன்னொரு தரம் கேட்டார். நான்காம் தரம் கேட்கும்போது, வரம்பு கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

"மறுகா ஒண்டு," என்றாள் தனுஷா. "உங்கட தோழி வேசத்துக்கு அம்மா அவட கூறைச் சீலையை எடுத்து வச்சிரிக்கா. ஓம் எண்டா ஓம்தானாம். இனி இவர் ஏதோ சொல்லணுமாம். கிட்ட வந்து சொல்லுங்களன்."

வெற்றிலை சரசரத்தது. தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு அந்தப் பொடியன், ஒவ்வொரு சொல்லாக, ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரலில்:

"மாமா, நான் நிலோஜன். எந்தப் பகுதியெண்டு கேட்டீங்க. காதுக் கிளினிக், மாமா. போன வருசம் மாசியில உங்கட கொப்பியைக் கையில வச்சிக்கொண்டு, இராசதுரை, இராசதுரை எண்டு அஞ்சு தரம் கூப்பிட்டது நான்தான். நீங்க எழும்பிப் போயிட்டீங்க. கொப்பியைத் திருப்பிக் குடுக்க அதில இருந்த வீட்டு நம்பருக்கு எடுத்தன். தனுஷாதான் ஹலோ எண்டவ. அதுக்குப் பிறகும் எடுத்தன்."

தனுஷா சிரிப்பை அடக்குவதும் அதில் பதிவாகியிருந்தது.

"அதால மாமா, இது உங்கட பேரைக் கேட்டு வந்த சம்பந்தமில்ல. உங்கட பேர் உங்களுக்குக் கேக்காமப் போனதால வந்த சம்பந்தம்."